பனி உருகிய கொல்லை

மார்ச் 22, சனி

கொல்லையில் பனி முழுக்க உருகிவிட்டது. மினியாபொலிஸில் நாய் வளர்க்கிறவர்களுக்கு வசந்தம் என்றால் முதலில் இதுதான். குளிர்காலம் முழுக்க எங்கள் நாய் மணி போட்டதெல்லாம் ஒரே வாரத்தில் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. மேட்டில் கிடப்பது காய்ந்து வெளுத்துவிட்டது. வேலியோரப் பள்ளத்தில் கிடப்பது பனித்தண்ணீரில் ஊறிப் புல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் இவர், என் வீட்டுக்காரர். டிசம்பரில் முட்டி பிடித்துக்கொண்டது, பிப்ரவரியில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. இப்போது படி இறங்கவே துணை வேண்டும். என் இடுப்போ குனிய விடாது. மே மாதம் மகள் வருகிறாள். பேரன் தவழ்கிற வயது, கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குப் போகும்.

மார்ச் 24, திங்கள்

பக்கத்து வீட்டுப் பெரியவர், “விட்டுவிடுங்கள், மழையில் கரைந்து உரமாகிவிடும்” என்றார். ஆகாது. மாட்டுச் சாணத்தை மனதில் வைத்துக்கொண்டு நாய் மலத்தைப் பேசக் கூடாது. கிடந்த இடத்தில் புல் கருகும். அதைவிடப் பெரிய கவலை புழு. டாக்ஸோகாரா என்கிற உருண்டைப்புழுவின் முட்டை, மலத்தோடு விழுந்த உடனே தொற்றாது. 2 முதல் 4 வாரம் மண்ணில் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அதற்கப்புறம் வருடக்கணக்கில் மண்ணிலேயே சாகாமல் இருக்கும். குழந்தை அந்த மண்ணை அளைந்துவிட்டுக் கையை வாயில் வைத்தால், இளம்புழு ஈரலுக்குப் போகலாம், கண்ணுக்குக்கூடப் போகலாம். வாராவாரம் அள்ளிவிட்டால் முட்டை முதிருவதற்குள் மலம் கொல்லையை விட்டுப் போய்விடுகிறது.

இன்னொன்று தண்ணீர். எங்கள் தெருமுனைச் சாக்கடையில் விழும் மழைத்தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. நேரே மின்னிஹாஹா ஓடை, அங்கிருந்து மிசிசிப்பி. மலக்கிருமி அளவு மீறிய நீர்நிலைகளின் பட்டியலில் அந்த ஓடையும் இருக்கிறது. ஒரு கிராம் நாய் மலத்தில் 2 கோடிக்கு மேல் கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கும் என்கிறார்கள். கோடையில் அந்த ஓடையின் அருவிக்குக் கீழே ஊர்க்குழந்தைகள் இறங்கி விளையாடுகிற தண்ணீர் அது.

மார்ச் 26, புதன்

நாய்க்கழிவு அள்ளுகிற ஒரு சின்ன நிறுவனத்தோடு பேசி முடித்தேன். ஒரு பெண்ணும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். குளிர்காலம் முழுவதும் சேர்ந்ததை எடுக்க 140 டாலர், பிறகு வியாழன்தோறும் வர 22 டாலர். ஒரு நிபந்தனைத் தாள் அனுப்பினார்கள். நிபந்தனையெல்லாம் நமக்குத்தான். புல்லை வளரவிடக் கூடாது. கேட் பூட்டியிருக்கக் கூடாது. நாயை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இடி மின்னலோ கடுங்குளிரோ என்றால் வர மாட்டார்கள்.

இவருக்கு மனசு ஒப்பவில்லை. “நம்ம வீட்டு நாய் பீயை இன்னொருத்தர் வந்து அள்ளணுமா?” என்று ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் நான் வளர்ந்த வீட்டில் எடுப்புக் கக்கூஸ். காலையில் பின்சந்து வழியாக ஒரு அம்மாள் வருவார். சுவரின் அடியில் சின்னத் தகரக் கதவு. அதைத் தூக்கி, குனிந்து, ஒரு துண்டுத் தகரத்தால் சுரண்டி வாளியில் போட்டுக்கொண்டு, சாம்பலைத் தூவிவிட்டுப் போவார். வெறுங்கை. முன்வாசலுக்கு அவர் வரக் கூடாது. கூலியைக் கையில் கொடுக்க மாட்டார்கள், படியில் வைப்பார்கள். உடம்புக்கு முடியவில்லை, இன்றைக்கு வரவில்லை என்று அவரால் சொல்ல முடியாது. அவருக்குப் பின் அவர் மகளுக்கும் அதே வாளி. இந்த வேலையைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. மலக்குழிக்குள் ஆள் இறங்கிச் சாவது தமிழ்நாட்டில் இன்னும் நிற்கவில்லை. 2017-இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைப் பார்த்த ராத்திரி இவர் சாப்பிடவே இல்லை.

நிபந்தனைத் தாளை இவர் கையில் கொடுத்தேன். “வர மாட்டோம்னு எழுதியிருக்காங்க, அந்த இடத்தப் படிங்க” என்றேன். நிதானமாகப் படித்தார். “சரி, வரட்டும். ஆனா நான் நின்னு பாக்கணும்.”

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் வேன் வந்தது. அந்தப் பெண்தான் வந்திருந்தார். ரப்பர் பூட்ஸ், கையுறை, நீளக் காம்பு வைத்த இரண்டு சாமான்கள். ஒன்று நெருக்கமான பல் வைத்த சின்ன வாரி. மற்றது தியேட்டரில் நின்றபடியே குப்பை கூட்டி எடுப்பார்களே, அந்த முறம். அதற்குள் பை மாட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று பூட்ஸிலும் வாரியிலும் கிருமிநாசினி அடித்துக்கொண்டார். முந்தைய வீட்டிலிருந்து பார்வோ வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. மண்ணில் அது ஒரு வருடம்கூடத் தாங்கும்.

வேலியை ஒட்டிக் கடைசிவரை போய்த் திரும்பி, ஓரடி தள்ளி அடுத்த வரிசை. ஏர் ஓட்டுகிற மாதிரி. முழுக் கொல்லையும் முடிந்ததும் குறுக்குவாட்டில் மறுபடி முதலிலிருந்து. முதல் நடையில் நிழலுக்குள் தப்பியது இரண்டாவதில் கண்ணில் படுகிறது. ஊறிக் கிடந்ததை வாரியின் நுனியால் புல்வேர் பிய்யாமல் நெம்பி எடுத்தார். குனியவே இல்லை. இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு முடிகிறவரை ஜன்னலோரம் நின்றார்.

பைகளை இரட்டைக் கட்டாகக் கட்டி வேனில் ஏற்றினார். கேட்டைச் சாத்தி, சாத்திய கேட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றோம். இன்னும் நிறைய வீடு இருக்கிறதென்று, கையுறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்துகொண்டு, படியிலேயே நின்று காப்பி குடித்தார். இவர்தான் டம்ளரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

போகும்முன் கதவைத் தட்டினார். கையில் தனியாக முடிந்த ஒரு சின்னப் பை. “போன வாரம் கெட்டியாக இருந்தது. இன்றைக்குப் பல இடத்தில் இப்படி. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.” வெளிறிப்போய், மேலே சளி பூசியிருந்தது. மணி வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறான். வீட்டில் இருக்கிற நாங்கள் இதைப் பார்த்திருக்கவே முடியாது.

ஏப்ரல் 19, சனி

பரிசோதனையில் தெரிந்தது ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி. 5 நாளைக்கு ஃபென்பெண்டசோல். மருந்து மட்டும் போதாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். உருண்டைப்புழு முட்டை மாதிரி இது வாரக்கணக்கில் காத்திருக்காது, வெளியே வந்த உடனே தொற்றும். மணி புல்லை முகர்ந்து, பாதத்தை நக்கித் தன்னுடையதையே திரும்ப விழுங்குவான். ஆகவே போடப் போட எடுக்க வேண்டும், கடைசி நாள் மருந்தோடு நன்றாகக் குளிப்பாட்டவும் வேண்டும்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். தினமும் வர அவரால் முடியாது. அதே வாரியும் முறமும் எங்கே கிடைக்கும் என்று சொன்னார். எங்கள் வீட்டில் புழங்கிய சாமானை வேறு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன், அதனால் அடுத்த சில வாரம் எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்கிறேன் என்றார். சாயங்காலமே வாங்கிவிட்டோம். காம்பு என் நெஞ்சு உயரம். இடுப்பு வலிக்காமல் அள்ள முடிகிறது.

மே 8, வியாழன்

மறுபரிசோதனையில் ஒன்றுமில்லை. மகள் சனிக்கிழமை வந்து இறங்குகிறாள். புல் பச்சை கட்டிவிட்டது. இருந்தாலும் பேரனை விரிப்பில்தான் விடுவேன், கையை ஒவ்வொரு தடவையும் கழுவிவிடுவேன். மண்ணில் பழைய முட்டை இல்லையென்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இவர் கைத்தடியோடு வேலிவரை நடந்துபோய் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். வரும் குளிர்காலத்துக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டார். பனிப்புயலால் வர முடியாத வாரங்களுக்கும் 22 டாலர் உண்டு என்று அந்த நிபந்தனைத் தாளின் கீழேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.