ஹெப்பாள் ஏரியும் 'நீர்நிலை' என்னும் வகைப்பாடும்

இங்குக் குறிப்பது பெங்களூருவின் ஹெப்பாள் அன்று, மைசூருவின் ஹெப்பாள். தொழிற்பேட்டையும் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகமும் ஓர் ஏரியும் அருகருகே அமைந்த பகுதி. புவியியல் ஆய்வுக்கு இயங்கியல் எதற்கு என வினவும் மாணவருக்கு இந்த ஏரியைக் காட்டலாம். (இயங்கியலைச் சிலர் இயக்கவியல் என்றும் எழுதுவர்; இயற்பியல் மாணவர் அதைக் கேட்டு வேறொன்றை எண்ணிக்கொள்வார்.)

நிலப்பயன்பாட்டு ஆய்வுகளின் வழக்கமான பாதை அனைவரும் அறிந்ததே. வெவ்வேறு ஆண்டுகளின் லேண்ட்சாட் படிமங்களை எடுத்து, 30 மீட்டர் படப்புள்ளிகளை வயல், கட்டடம், தரிசு, நீர்நிலை என வகைப்படுத்தி, மாற்றத்தை அட்டவணையிடுவர். நீர் தென்பட்ட ஆண்டுகளிலெல்லாம் இந்த ஏரி 'நீர்நிலை' என்றே பதிவாகும். மாற்றமில்லை என்று அட்டவணை சொல்லும்.

மைசூர்ப் பீடபூமியின் ஏரிகள் பெரும்பாலும் வயலுக்காகக் கரை கட்டப்பட்டவை. மதகு, மறுகால், ஆயக்கட்டு, தூர்வாரும் கடமை என அந்நீர் ஊராரை ஒருவரோடொருவர் பிணைத்திருந்தது. பின்னர்த் தொழிற்பேட்டை வந்தது, மனைகள் பெருகின, ஏரி ஆலைக்கழிவும் சாக்கடையும் சேருமிடமாயிற்று. அண்மை ஆண்டுகளில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் நிதியில் அது மீட்கப்பட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் நடைபாதையும் அமைந்தன. பாசன ஏரி, கழிவு ஏரி, நடைப்பயிற்சி ஏரி ஆகிய மூன்றுக்கும் படிமத்தில் ஒரே குறியீடு.

டேவிட் ஹார்வி 1996-இல் வெளியிட்ட 'நீதி, இயற்கை, வேறுபாட்டின் புவியியல்' என்னும் நூலில் இயங்கியலுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். பொருள்கள் தாமே தனித்து நிற்பன அல்ல. ஓட்டங்களும் உறவுகளும் சிறிது காலம் உறைந்து நிற்கும் வடிவங்களே அவை என்பது அவ்வாதத்தின் சாரம். அவ்வாறு நோக்கின், 'நீர்நிலை' விடையாகாது, வினாவின் தொடக்கமாகும்.

இங்கே ஒரு வழுக்குநிலமும் உண்டு. வயல் ஏரி கருத்து, கழிவு எதிர்க்கருத்து, மீட்பு தொகுப்பு என மூன்று கட்டங்களில் எழுதி முடித்துவிடும் ஆசை எழும். இந்த வாய்பாட்டை ஹெகலின் தலையில் கட்டுவது பாடநூல் மரபு. அவரோ அதைத் தம் முறையென முன்வைத்தவரல்லர். மீட்பை இணக்கமான முடிவெனக் கொள்ளும் ஆய்வு, விளம்பரக் குறிப்பேட்டிற்கு அருகில் போய்விடுகிறது. அதற்காக, மீட்பு வெறும் நாடகம் என்பதும் சோம்பல்தான். தூய நீர் தூய நீரே.

முரண் தீரவில்லை, இடம் மாறியிருக்கலாம். நீர் தெளிந்தபின் கரையோர மனைவிலை என்னவாகிறது? வாடகைக்குக் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளர் அங்கேயே தங்க முடிகிறதா? சுத்திகரிப்பில் எஞ்சும் கசடு எங்கே செல்கிறது? கரையில் மாடு மேய்த்தவர் வேலிக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? இவற்றுக்குச் செயற்கைக்கோள் விடை தராது. தொழிற்பகுதி வாரியத்தின் நில ஒதுக்கீட்டு ஆவணங்களையும் வருவாய்த்துறைப் பதிவேடுகளையும் படிமத்தோடு சேர்த்து வாசிக்கவேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளில் அமர்ந்து கேட்கவேண்டும். ஆய்வுக்குழு வகைப்பாட்டின் கப்பா மதிப்பைத் தவறாது கேட்கும். ஏரி இப்போது யாருக்காக நிறைகிறது என்று கேட்பது அரிது.