வேர்முடிச்சு எண்ணிய வரலாறு

போட்டி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பரிசும் பாராட்டுமே பலர்க்கு நினைவில் வருவன. பள்ளிப் பருவத்தில் யாம் ஈடுபட்ட ஆராய்ச்சிப் போட்டியொன்று எமக்குப் பரிசு யாதும் தந்திலது. எனினும் அது தந்த பயன் இன்றளவும் எம்மோடு இருக்கின்றது. தமிழ் பயிலும் யாம் அதனைக் குறித்து இம்மலரில் எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ஆம் ஆண்டில் நாடளாவிய நிகழ்ச்சியாகத் தொடங்கியது. 10 முதல் 17 வயது வரையுள்ள சிறார், ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, தம் ஊர்ச் செய்தி ஒன்றனைத் தாமே ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம், நாடு எனப் படிப்படியாக அவையேறி உரைப்பர். நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதனை முன்னின்று நடத்தி வந்துள்ளது. ஆங்கிலத்திலேதான் உரைத்தல் வேண்டும் என்னுங் கட்டாயம் இதன்கண் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தமிழ்வழிக் கல்வி பயின்ற எமக்கு அஃதொன்றே பெருந்துணிவு தந்தது.

யாம் இருவர் ஒரு குழுவாய் எடுத்துக்கொண்ட பொருள் உயிர் உரம். காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன் ஆகும்; ஆயினும் பயிர் அதனை நேரே உண்ணமாட்டாது. தொழிற்சாலையில் அதனை உரமாக்குதற்குப் பெருவெப்பமும் பேரழுத்தமும் வேண்டும். அவ்வரிய வினையைப் பயற்றுச் செடியின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே ஓசையின்றிச் செய்கின்றது. 1888-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜெரிங்க் என்பார் அதனை முடிச்சினின்று பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். இன்று அது பொட்டலங்களில் விற்கப்படுகின்றது. அதனை விதையிற் கலந்தால் முடிச்சு மிகுமோ என்பதே எம் வினா.

உத்தமபாளையத்திற்கு அண்மையில் எம் அம்மாச்சிக்குச் சிறு புன்செய் ஒன்றுண்டு. பெரியாற்று நீர் பாயும் வயல்களில் இருபோக நெல்லும், அப்பாற் பன்னீர்த் திராட்சைப் பந்தலும் வாழையும் பொலிய, அப்புன்செய் மட்டும் மழையை நோக்கியிருப்பது. ஆண்டுதோறும் தட்டைப்பயறு விளைவது. அதில் 10 பாத்திகள் அமைத்தோம். ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரத்தைக் குழைத்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி 5 பாத்திகளில் விதைத்தோம். எஞ்சிய 5 பாத்திகட்கு வெறுங் கஞ்சி பூசிய விதை. 40 நாள் கழிந்தபின் பாத்திக்கு 4 செடியாக மண்கட்டியோடு பெயர்த்து, நீரில் ஊறவைத்து, வேர் அறாமற் கழுவி, முடிச்சுக்களை எண்ணினோம். முடிச்சைப் பிளந்தால் உள்ளே செந்நிறம் தோன்றும். நம் குருதிக்குச் செம்மை தரும் பொருளுக்கு உறவான பொருள் ஒன்று ஆங்குண்டு. அந்நிறமே முடிச்சு தன் தொழிலைச் செய்கின்றது என்பதற்கு அடையாளம்.

எண்ணி முடித்தோம். இருவகைச் செடிகளிலும் முடிச்சுக்கள் ஏறத்தாழ ஒத்தே இருந்தன!

மாவட்ட அவைக்கு ஒரு வாரமே இருந்தது. எம்மாட்டு அன்புடைய ஒருவர், "வேறுபாடு காட்டாத ஆராய்ச்சியை எவர் தேர்ந்தெடுப்பர்? உரம் பூசிய செடிக்குப் பத்துப் பத்துக் கூட்டி எழுதுங்கள். பிடுங்கிய செடியை மீண்டும் எண்ணுவார் யார்?" என்றார். அவர் தீயவரல்லர், எம் வெற்றியை விரும்பியே உரைத்தார். அப்பொழுது திண்ணையிலிருந்த அம்மாச்சி, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. அடுத்த வெள்ளாமைக்கு அந்தப் பொட்டலத்தக் காசு குடுத்து வாங்கணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். நடுவர்க்கு எவ்வெண்ணையுங் காட்டலாம். விதைக்கப் போகிறவர்க்கோ உள்ள எண்ணையன்றி வேறெதனைச் சொல்ல இயலும்?

உள்ளதையே எழுதினோம். நெடுங்காலம் பயறு விளைந்த மண்ணில் அந்நுண்ணுயிர் முன்னரே குடியிருத்தல் கூடும் என்று எம் ஆசிரியர் காரணங் காட்டினார், அதனையுஞ் சேர்த்தோம். நடுவருள் ஒருவர் முதற்கண் வினவியது, அந்நிலத்தில் முன்பு விளைந்தது யாது என்பதே. விடை எம்மிடம் இருந்தது. ஆயினும் மாநில அவைக்கு யாம் தேர்ந்தெடுக்கப்பெற்றிலோம். அம்மாச்சி மறு ஆண்டு பொட்டலம் வாங்கிலர். ஒரு நிலத்தில் ஒரு பருவங் கண்டதை எல்லா நிலத்திற்கும் ஏற்றிச் சொல்லுதல் ஆகாது. பயறு விளைந்தறியாத புதுநிலத்தில் அவ்வுரம் நற்பயன் தரலாம் என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தோம்.

இதனால் யாம் பெற்றது யாது? 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு பலவற்றை ஒப்புநோக்கிய வரலாற்றை இக்கல்லூரியிற் பயிலும்போது, எமக்கு அம்முடிச்சுக்களே நினைவில் வந்தன. ஏட்டில் உள்ளதை உள்ளவாறு காண்டலும் வேரில் உள்ளதை உள்ளவாறு எண்ணலும் ஒரே பயிற்சியன்றோ?

தோழர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நும் பழைய பள்ளியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு முனையுஞ் சிறுவர் இருவரேனும் ஆங்கிருப்பர். அவர்க்கு விடை கூற வேண்டா, உடனிருந்து எண்ணுங்கள்.