பாயை விட்டு இறங்கிப் படுக்கிறீங்களா?

வயதைக் கேட்டு எழுதிய கையோடு, இப்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி இது: "ராத்திரி எதுல படுக்கிறீங்க?"

எதிரே இருப்பவருக்கு 46, 47 வயது இருக்கும். முழங்கால் வலி என்று வந்திருப்பார். இல்லாவிட்டால் தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, பிள்ளைகள் மேல் காரணமில்லாத எரிச்சல். 'தீட்டு நிக்கப் போவுது, அதான் வந்தேன்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் படுக்கையைப் பற்றிக் கேட்டால் பதில் வந்துவிடும். "பாய்லதான் டாக்டரம்மா. நடுச்சாமத்துல உடம்பு காந்தும். பாயைச் சுருட்டிட்டு வெறுந்தரையில படுத்துக்குவேன்."

ரத்தப் பரிசோதனையைவிட எனக்கு இந்தப் பதில் பெரிது. 45 வயது தாண்டிய பெண்ணுக்கு மெனோபாஸ் நெருங்குகிறதா என்று பார்க்க ஹார்மோன் அளவு சோதிக்க வேண்டியதில்லை. இந்த வயதில் அந்த அளவு இந்த வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். அவர் தரைக்கு மாறிய கதையைக் கேட்டாலே போதும். தைராய்டையும் ரத்தசோகையையும் மட்டும் பார்த்துவிடுவேன். அவையும் இதே வேஷத்தில் வரும்.

விருதுநகர் மாவட்டத்தில் மகப்பேறு மருத்துவராக 22 ஆண்டுகள் ஆகின்றன. பிரசவம் பார்க்க இரவு பகலாகப் பழக்கினார்கள். பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணைப் பார்க்க யாரும் பழக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா, வயசுக் கோளாறு" என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து நானே பலரை அனுப்பியிருக்கிறேன். அப்படி அனுப்பிய ஒருவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை அவருக்கு. 48 வயது. அந்த அறைக்குள் மின்சாரம் நுழையக் கூடாது, ஆகவே மின்விசிறி கிடையாது. திடீரென்று நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும், குப்பென்று வேர்க்கும். மருந்தில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். வேர்வை சொட்டிவிடுமோ என்ற பயத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தோலே கன்றியிருந்தது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். "எல்லாரும் ஒண்ணுமில்லங்கிறீங்க. அப்ப எனக்கு ஏன் டாக்டரம்மா இப்படி இருக்கு?"

அன்றைக்கு அவருக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறேன். உடம்புச் சூட்டைக் காவல் காக்க மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் அடக்குவாரின்றித் துடிக்கின்றன. முன்பு பொறுத்துக்கொண்ட சின்னச் சூட்டுக்கே உடம்பு கொதிக்கிறது என்று அந்தக் காவல் எண்ணிக்கொள்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உடம்பில் நிஜமாகவே நடப்பது இது, மனப்பிரமை இல்லை. இரண்டு மாதத்தில் போய்விடும் என்று ஆறுதல் சொல்வதையும் விட்டுவிட்டேன். அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், அடிக்கடி இந்தக் காந்தல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஏழு வருடம் வெறுந்தரையில் படுக்கச் சொல்லி யாரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நாள் கணக்கு கேட்பது தனிக் கலை. 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்ல முடியும். "கடைசியா எந்தத் தேதி?" என்றால் விழிப்பார்கள். "போன ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போனீங்களா?" என்று கேட்டால் கணக்குத் துல்லியமாக வரும். "எங்க போக? அன்னைக்குத்தான வந்துச்சு. மத்தவுகள அனுப்பிட்டு வீட்டுல உக்காந்துட்டேன். அதோட சரி." ஆடியிலிருந்து ஆடி எண்ணிக்கொள்வேன். ஆண்டு நிறையாதவர்களிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கருத்தரிக்க இன்னும் வாய்ப்பு உண்டு. 'நின்னுருச்சு' என்று நினைத்து நான்கு மாத வயிற்றோடு வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ஹார்மோன் என்று சொன்னதும் "புத்துநோய் வருமாமே" என்பார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களிடையே, ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது மட்டும் ஊர் வந்து சேரவில்லை. 60 வயதுக்குள், நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்று பிறகு தெளிவானது. மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்களுக்குக் கொடுக்க மாட்டேன்; அவர்களுக்கு, மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளே குறைந்த அளவில் காந்தலைத் தணிக்கும். கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் உள்சவ்வு தடித்துவிடும், புரோஜெஸ்டோஜனும் சேர வேண்டும். பட்டாசு ஆலைப் பெண்ணுக்கு ரத்த அழுத்தமும் மேமோகிராமும் பார்த்துவிட்டு, தோலில் பூசும் ஜெல்லும் இரவில் ஒரு மாத்திரையும் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வாசலிலேயே நின்று சொன்னார்: "பாய்க்குத் திரும்பிட்டேன் டாக்டரம்மா."

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். 36, 38 வயதில் வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 'பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, விட்டா கேன்சர் ஆகும்' என்று சொல்லப்பட்டிருக்கும். கூடவே சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. இயற்கை பத்தாண்டில் மெல்ல இறக்கும் படிக்கட்டிலிருந்து இவர்கள் ஒரே நாளில் தள்ளிவிடப்பட்டவர்கள். எலும்பும் இதயமும் அந்த விலையைப் பின்னால் கொடுக்கும். தடையேதும் இல்லையென்றால் இவர்கள் இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் எடுத்துக்கொள்ள வேண்டும். அறுவைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, வரி வரியாகப் படித்து, எது இருக்கிறது, எது இல்லை என்று படம் வரைந்து காட்டுவேன். தன் உடம்பில் என்ன இல்லை என்பதை முதன்முதலாக என் மேசையில் தெரிந்துகொள்ளும் பெண்ணின் மௌனம் எனக்கு இன்னும் பழகவில்லை.

நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும் வரச் சொல்வேன். "திரும்ப வந்துருச்சு, உடம்பு இளமையாகுது போல" என்று சிரித்தபடி ஆறு மாதம் தள்ளிப்போட்ட ஒருவரை நான் இழந்திருக்கிறேன். உள்ளே செலுத்திப் பார்க்கும் ஸ்கேனில் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சதை எடுத்துச் சோதித்துவிடுவேன். இப்படிச் சொட்டுப் பட்டு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பயப்பட ஒன்றும் இருக்காது. மீதி ஒருவரை நேரத்தில் பிடித்தால் காப்பாற்றிவிடலாம்.

கடைசியாகக் கேட்கும் கேள்விக்கு, கூட வந்த மகளையோ மாமியாரையோ வெளியே உட்காரச் சொல்வேன். "வீட்டுக்காரரோட இருக்கும்போது வலிக்குதா? ஒண்ணுக்குப் போனா எரியுதா?" சிலர் தலை குனிவார்கள். ஒருவர், "இதையெல்லாமா டாக்டர்ட்ட சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு, ஆறு வருடத்துக் கதையைச் சொன்னார். உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு; சில வாரங்களில் குணம் தெரியும், நிறுத்தினால் திரும்பக்கூடும். அவ்வளவுதான் அதற்கு மருந்து.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது 78. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு முழுக்க அவர் அடுப்படியில் சிமென்ட் தரையில், ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுப் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஊரிலுள்ள பெண்களிடமெல்லாம் கேட்டவள் அவரிடம் கேட்கவில்லை. "அப்ப ஏம்மா அங்க போய்ப் படுத்த? ஃபேன் இருந்த ரூம்ல வந்து படுத்திருக்கலாம்ல?"

"ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காருவேன் தாயி," என்றார் அம்மா. "நீ படிச்சுக்கிட்டிருந்த."