இழுவை

மார்ச் 4, 2024, திங்கள்

பேரளி தாண்டியதும் முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. என் முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொடி. எதிரே ரோடு காலி. மூன்றாவது கியருக்கு இறக்கி ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். வண்டி அசட்டையாக முனகியது, அவ்வளவுதான். லாரியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடுகிறேன். தூரத்தில் பஸ் ஒன்று லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. பிரேக்கை மிதித்து மறுபடி லாரிக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பன்னிரண்டு வயது டீசல் கார். தினமும் பெரம்பலூர் - அரியலூர் போய் வருகிறது. மைலேஜ் இருபதிலிருந்து பதினாறுக்கு இறங்கி ஒரு மாதம் இருக்கும். டீசல் சரியில்லை என்று நானே ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

பெரம்பலூரில் ஒரு பட்டறை. பானெட்டைத் தூக்கி, அரை நிமிடம் பார்த்து, மூடிவிட்டார்கள். "டர்போ போச்சு சார். மாத்திட்டா வண்டி பறக்கும்." முப்பத்தெட்டாயிரம் ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

ராத்திரி டர்போவைப் பற்றிப் படித்தேன். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற ஏற்பாடு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். போகிற புகையிடமும் வேலை வாங்கத் தெரிந்த மனுஷன்.

மார்ச் 7, வியாழன்

அலுவலக நண்பர் சொல்லி, அரியலூரில் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். தகரக் கொட்டகை, வேப்பமரம். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகள்தான்.

"மிதிச்சா எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நிக்குதா, இல்ல ரெண்டுமே சோம்பலா இருக்கா?"

"ரெண்டுமே சோம்பல்தாண்ணே."

"அப்ப கிளட்ச் இல்ல. புகை என்ன கலரு?"

எனக்கு எங்கே தெரியும்? ஓட்டுகிறவன் தன் புகையைப் பார்ப்பதில்லை. என்னை உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். "கருப்பு" என்றார். டீசல் பில்டர் அடைத்திருந்தால் டீசலே போதாது, கரும்புகை வராதாம். டீசல் வருகிறது, காற்றுதான் பற்றவில்லை என்று அர்த்தமாம். அப்புறம் நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும் கொதிக்கும். நாலும் ஒரே சூடு.

பிறகுதான் ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். டீ கிளாஸ் நிறையும் அளவுக்கு வெள்ளைப் பொடி கொட்டியது. மடிப்பு மடிப்பாய் இருக்க வேண்டிய காகிதம் பூசிய சுவர் மாதிரி இருந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் இந்தச் சுவர் வழியாக!

அந்தப் பொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரியலூர் ஒரு காலத்தில் கடல். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக அடுக்கியிருக்கும். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுப் பழசு. வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிற சரக்கின் உறவுக்காரன் என் ஏர் பில்டரில்.

புதுப் பில்டர் 450 ரூபாய். வண்டி கொஞ்சம் தெளிந்தது. முழுசாக இல்லை. "பாதி நோய்தான் போயிருக்கு. சனிக்கிழமை விட்டுட்டுப் போங்க."

மார்ச் 9, சனி

ஸ்கேனர் வைத்திருக்கும் பையனை வரவழைத்திருந்தார். டர்போ அழுத்தம் குறைவு என்று காட்டியது. முப்பத்தெட்டாயிரம் கண்முன் வந்து போனது. பெரியவர் அசையவில்லை. "அழுத்தம் கொறைவுன்னுதான் மெஷின் சொல்லுது. டர்போ செத்துப்போச்சுன்னு சொல்லலியே?" டர்போ சக்கரத்தை விரலால் சுற்றி, ஆட்டிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஆட்டம் இல்லை.

அடுத்துச் செய்தது பஞ்சர் கடை வேலை. காற்று போகும் வாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து மெதுவாகக் காற்றைக் கொடுத்து, குழாய்கள் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் எண்ணெயும் தூசும் சேர்ந்து கரிய சேறாக அப்பியிருந்தது. அதைத் துடைத்த இடத்தில் குப்பென்று நுரை பொங்கியது. விரல் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

"காத்த அளக்குற சென்சார் முன்னாடி இருக்கு, ஓட்ட பின்னாடி இருக்கு. அளந்த காத்துக்குத் தக்கன டீசல ஊத்திடுது. காத்து பாதி வழியில ஓடிப்போயிடுது. மிச்ச டீசல்தான் கருப்பா வருது."

குழாய் திருச்சியிலிருந்து வர வேண்டும். போனில் சொல்லி, சாயங்காலம் பஸ்ஸில் பார்சலாக வந்தது. கண்டக்டருக்கு ஐம்பது ரூபாய்.

மார்ச் 11, திங்கள்

குழாய் 2,100. கூலி 900, ஆயிரமாகக் கொடுத்தேன், நூறைத் திருப்பித் தந்துவிட்டார். பில்டர், பார்சல் எல்லாம் சேர்த்து மொத்தம் 3,500 ரூபாய்.

அதே பேரளி, அதே மாதிரி ஒரு லாரி. மூன்றாவது கியர். முதுகு சீட்டில் அமுங்கியது. கண்ணாடியில் லாரி சின்னதாகிப் போனபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு நல்ல ரோட்டுக்கு. இந்தச் சுண்ணாம்பு லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவர்கள் அதில் பாதியிலேயே ஏர் பில்டரைத் திறந்து பார்த்துவிடுங்கள். லாரிக்காரர்களே, தார்ப்பாயை முழுசாக இழுத்துக் கட்டுங்கள்.