வேங்கிக்கால் ஏரிக்கரையும் வடதுருவப் பனிக்கடலும்... நடுவில் ஒரு சென்னைக் கருவி!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் கிளம்பினால், ஊர் முடிந்ததா இல்லையா என்று யோசிப்பதற்குள் வேங்கிக்கால் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸ் இங்கேதான். திங்கள்கிழமை என்றால் மனுவும் கையுமாகக் கூட்டம். ஜெராக்ஸ் கடை, டீக்கடை, பெட்டிஷன் எழுதித் தருபவர்கள்... தலையைத் திருப்பினால் அண்ணாமலை.

இங்கே ஓர் ஏரியும் உண்டு. சாதாரண நாளில் அதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. மழை வலுத்தால்தான் ஞாபகம் வரும். ஏரி நிரம்பிக் கோடி போனால், தண்ணீர் சாலையைத் தேடி வரும். தாழ்வான தெருக்களையும் விடாது.

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. இன்று இந்தப் பகுதியில் மழை என்றால் குடை மட்டும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

மழை ஏன் இப்படி ஒரே மூச்சில் கொட்டுகிறது? விடை தேடும் விஞ்ஞானிகள் வானத்தையும் வங்கக்கடலையும் மட்டும் பார்ப்பதில்லை. 8,000 கி.மீ.க்கு அப்பால், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள நீ-ஓலசுண்ட் என்ற குட்டி ஊருக்கும் போகிறார்கள்.

போனை அணைத்துவிட்டு வாருங்கள்!

லாங்யர்பியன் என்ற ஊரிலிருந்து சின்ன விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் நீ-ஓலசுண்ட் வந்துவிடும். குளிர்காலத்தில் 30, 40 பேர்தான் இருப்பார்கள். கோடையில் விஞ்ஞானிகள் வந்து சேர, எண்ணிக்கை நூற்றைத் தாண்டும். எல்லா நாட்டுக்காரர்களுக்கும் ஒரே மெஸ்.

இதை மொபைலில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. அங்கே வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் தடை. பூமியின் அசைவைத் துல்லியமாக அளக்கும் ரேடியோ டெலஸ்கோப் அங்கே இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை நம் போன் கெடுத்துவிடும்.

வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதில்லை. திருடன் பயம் இல்லாததால் மட்டுமல்ல; பனிக்கரடி வந்தால் பக்கத்தில் இருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழைய வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி இல்லாமல் போக முடியாது. வீட்டுக்குள் நுழையும்போது ஷூவைக் கழற்றி வைப்பது ஸ்வால்பார்ட் வழக்கம். நிலக்கரித் தூசியை உள்ளே கொண்டுவராமல் இருக்க, சுரங்கக் காலத்தில் வந்த பழக்கமாம். நம் ஊர் அம்மாக்களுக்குப் பிடித்துப்போகும்.

ஆம், நீ-ஓலசுண்ட் ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். 1962 நவம்பரில் நடந்த சுரங்க வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. நிலக்கரி இழுத்த குட்டி ரயில் எஞ்சின் இன்றும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. கரியை வெட்டி எடுத்த அதே ஊர், கரி எரிந்த விளைவை அளக்கும் ஊராக மாறியிருக்கிறது.

இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 ஜூலை 1-ல் இங்கே திறக்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இதை நடத்துகிறது.

கடுகு பொரியும் கடல்

ஊரை ஒட்டி, மலைகளுக்கு நடுவே நீண்ட கைபோலக் கடல் உள்ளே நுழைந்திருக்கிறது. கோங்ஸ்ஃபியோர்ட் என்று பெயர். அதன் கோடியில் பனியாறுகள் கடலில் வந்து முடிகின்றன. பனியாறு என்றால் ஓடும் தண்ணீர் அல்ல. பல நூறு ஆண்டுகளாகப் பெய்த பனி இறுகி, தன் எடையாலேயே மெல்ல நகரும் ஐஸ்கட்டி. அதன் முனை உடைந்து விழுந்தால் பனிப்பாறை.

இந்தக் கடல் கைக்குள் 2014 ஜூலை 23-ல், 192 மீட்டர் ஆழத்தில் 'இண்ட்ஆர்க்' என்ற கருவித்தொடரை இந்தியா இறக்கியது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு. ஐ.டி. கம்பெனி பஸ்களும் சதுப்பு நிலப் பறவைகளும் பக்கம் பக்கமாக இருக்கும் அதே பள்ளிக்கரணைதான்.

அடியில் எடை, மேலே இழுத்துப் பிடிக்க மிதவைகள், நடுவில் கயிறு நெடுகக் கருவிகள். கிணற்றில் தொங்கும் கயிற்றைத் தலைகீழாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தண்ணீரின் சூடு, உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை, கரையிலிருந்து ஆள் போக முடியாத குளிர்காலத்திலும் அது பதிவு செய்கிறது. பிறகு மேலே எடுத்து, பதிவுகளை இறக்கிக்கொண்டு, மறுபடி கடலுக்குள் விடுகிறார்கள். அட்லான்டிக்கின் வெதுவெதுப்பான நீர் எப்போது, எவ்வளவு உள்ளே வருகிறது என்பது இதில் தெரியும். பனியாற்றின் முனையை அடியிலிருந்து அரிப்பது அந்த நீர்தான்.

கருவிகளில் ஒன்று, தண்ணீருக்கடியில் ஒலியைக் கேட்கும் மைக். பழைய பனிக்கட்டிக்குள் அந்தக் காலத்துக் காற்று குமிழிகளாக அழுத்தத்தோடு சிறைப்பட்டிருக்கிறது. பனி உருகும்போது குமிழி படீரென்று வெளியே வரும். லட்சக்கணக்கில் சேர்ந்தால்? எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல ஓயாத சடசடப்பு. இடையிடையே பெரும்பாறை உடைந்து விழும் இடி. பனியாறு உருகும் கடல்கள், இயற்கையிலேயே மிகச் சத்தமான கடல்களில் சேர்த்தி என்பது பலருக்கும் ஆச்சரியம்.

அங்கே பனி, இங்கே மழை?

மிதக்கும் பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் ஏறாது. ஜூஸ் டம்ளரில் ஐஸ் உருகினால் வழியாதது போல. நிலத்தின்மேல் இருக்கும் பனி உருகினால்தான் கடல் ஏறும். ஆனால் மிதக்கும் பனிக்கு வேறு வேலை இருக்கிறது. அது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரை. கூரை போனால், கறுத்த கடல் வெப்பத்தைக் குடிக்கும். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக், உலக சராசரியைவிட ஏறத்தாழ 4 மடங்கு வேகமாகச் சூடாகியிருப்பதாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கோவா மையத்தின் விஞ்ஞானிகள் 2021-ல் இன்னொரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், செப்டம்பரில் மத்திய இந்தியாவில் அதிகனமழை கொட்டுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றது அந்த ஆய்வு.

இதை வைத்துக்கொண்டு வேங்கிக்கால் ஏரி நிரம்பியதற்குத் துருவப் பனிதான் காரணம் என்று ஃபார்வர்டு மெசேஜ் தட்டிவிடக் கூடாது. ஆய்வு பேசுவது தென்மேற்குப் பருவமழையை. திருவண்ணாமலையை மிரட்டிய ஃபெஞ்சல், வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடலில் பிறந்த புயல். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்க முடியும். சுமந்ததை எங்கேயாவது இறக்கித்தானே ஆக வேண்டும்! இறங்கும் இடத்தில் ஏரி தூர்ந்திருந்தால் அது துருவத்தின் தப்பல்ல.

ஹிமாத்ரியில் பல ஆண்டுகள் கோடையில்தான் வேலை நடந்தது. 2023 டிசம்பரில்தான் 4 பேர் கொண்ட முதல் குளிர்காலக் குழு கிளம்பியது. அங்கே அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன், பிப்ரவரி நடுவில்தான் திரும்ப வரும். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயரத்தில் ஏற்றும் ஜோதியை வேங்கிக்கால் மொட்டைமாடிகள் பார்த்துக் கும்பிடும்போது, நீ-ஓலசுண்டில் நட்டநடுப் பகலும் இருட்டுதான். அந்த இருட்டிலும் 192 மீட்டர் ஆழத்தில் பள்ளிக்கரணைக் கருவி கேட்டுக்கொண்டிருக்கிறது.