ஃபாக்ஸ்டன் நீர்ப்படிகளில் ஓர் அமீர்



இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மாலைநேர மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வருகிறேன். சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒருவர் தம்முடைய நாரோபோட்டில் ஒருநாள் பயணத்திற்கு அழைத்தார். ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலமும் ஐம்பதடி நீளமும் கொண்ட படகு அது. அவரும் அவருடைய மகனும் சக ஆசிரியர் ஒருவரும் நானுமாக நால்வர் புறப்பட்டோம்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். எல்லோரும் என்னையே பார்த்தனர். நண்பரோ, "தொழுகைக்கு ஹஜ்ரத், படகுக்கு இவன்" என்று மகனைக் காட்டினார். பத்தொன்பது வயது, என்னிடம் ஓதியவன். எனக்கு உள்ளூரச் சற்றுக் கசப்பாகவே இருந்தது.

ஃபாக்ஸ்டனில் பத்து லாக்குகள் இரு தொகுதிகளாக, ஐந்தைந்தாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1814இல் திறக்கப்பட்ட இந்த நீர்ப்படிகள் படகை 75 அடி ஏற்றி இறக்குகின்றன. ஒரு லாக்கின் கீழ்க்கதவே அடுத்ததன் மேல்கதவு. பக்கத்துக் குளத்து நீரைக் கீழ் லாக்கில் விடும் சிவப்பு மதகை முதலில் திறக்கவேண்டும். பிறகே மேல் லாக்கின் நீரைக் குளத்திற்கு வடிக்கும் வெள்ளை மதகு. வரிசை மாறினால் குளம் நிரம்பி வழிந்துவிடும்.

மேலே புல்வெளியில் ழுஹர் தொழுதுவிட்டு இறங்கத் தொடங்கினோம். பயணத் தொலைவு எட்டாததால் சுருக்கித் தொழவில்லை. மூன்றாம் லாக்கில் சுக்கானை நான் கேட்டு வாங்கினேன். வெள்ளை மதகு திறந்தது. நீர் சத்தமின்றி இறங்கிற்று. சக ஆசிரியரோடு ஏதோ ஒரு மஸ்அலா குறித்துப் பேச்சு வளர்ந்தது. பின்கதவின் அடியில், நீருக்குள், ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்புறம் அதில் மாட்டினால் முன்புறம் மட்டும் இறங்கிப் படகே மூழ்கிவிடும். காலையில் அவன் சொன்னதுதான். நான் தலையசைத்ததோடு சரி.

"ஹஜ்ரத், முன்னே! முன்னே!"

கரையிலிருந்த அவன் அதற்குள் மதகை மூடியிருந்தான். சுக்கான் படியை உரசும் ஓசை எனக்கும் கேட்டது. எஞ்சினை முடுக்கினேன், படகு மெல்ல நகர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். கை நடுக்கம் நிற்கச் சற்று நேரமாயிற்று.

ஐந்தாவது லாக்கைக் கடந்ததும், ஏறிவரும் படகுகளுக்கு வழிவிட்டு இடைக்குளத்தில் காத்திருந்தோம். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பத்து வயதில் இவனை எத்தனையோ மாலைகள் வகுப்பின் பின்சுவரோடு நிற்கவைத்திருக்கிறேன். குற்றம், பாடத்தை விட்டுவிட்டு எப்போதும் ஜன்னலுக்கு வெளியே எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கடுஞ்சொல்லும் சொன்னேன். அருகில் சென்று, "அன்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னித்துவிடு" என்றேன்.

அவன் வெட்கத்தோடு கீழே பார்த்தான். "மறந்துவிட்டேன் ஹஜ்ரத்" என்றான். மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இன்னும் ஐந்து லாக்குகள் இருக்கின்றன. சுக்கானை நீங்களே பிடியுங்கள். பேச்சு மட்டும் வேண்டாம்."