நிறுத்திக் கேட்கும் பாடம்

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் செல்போனும் சின்ன ஸ்பீக்கரும் வந்துவிட்டதால் சொல்லிக்கொடுப்பவருக்கு வேலை பாதியாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு வேலை கூடியிருக்கிறது. பதிவை ஓடவிட யாராலும் முடியும். எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்தியதும் யாரைப் பேசவைப்பது என்று யோசித்து வைக்கத்தான் நேரம் போகிறது.

கேட்டதும் பேசவைக்க வேண்டும் என்பது பழைய பாடம்தான். 1956-இல் புனே வானொலி நிலையம் யுனெஸ்கோ உதவியோடு சுமார் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்களை நடத்தியது. வாரம் இரண்டு நிகழ்ச்சி, அரை மணி நேரம், பத்து வாரம். கேட்டு முடித்ததும் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்தார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு நன்றாகவே கூடியிருந்தது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் பலன் சொற்பம். நம் பக்கத்திலும் 1960-களில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவிய ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் வயலில் இறங்கிப் பேசிய வேளாண் ஊழியர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறப்பதில்லை.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்வரும் பெண்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகத்து வாக்கியத்தைவிட அவர்கள் வாயால் சொன்னதே நல்ல பாடம். ஒருவரைப் பேசச்சொல்லிச் செல்போனில் பதிவுசெய்வேன். ஓர் அக்கா ஆடு வளர்த்த கதையைச் சொன்னார்: “கிடாவ வித்துக் கடன அடச்சேன்.” அதை அப்படியே சார்ட்டில் பெரிதாக எழுதினேன். பேச்சு வழக்கைத் திருத்தவில்லை. திருத்தினால் அது அவர் சொன்னதாக இருக்காது. பிறகு அவர் குரலையே ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லின் கீழும் அவரையே விரலை நகர்த்தச் சொன்னேன். ‘வித்து’ என்றதும் நிறுத்திவிட்டு, “அடுத்து என்னக்கா?” என்றேன். “கடன” என்று உடனே சொல்லிவிட்டார். சொன்னது அவர்தானே, சொல் நினைவில் இருக்கிறது. கண் அதன் உருவத்தைத் தேடுகிறது. சற்று நேரம் பார்த்தவர், “கிடாவுக்குக் காலு இருக்கு, கடனுக்கு இல்லயே” என்றார். டகரமும் டாகாரமும் அவராகப் பிரித்துக்கொண்டவை. அன்றைக்கு நான் வேறு பாடம் நடத்தவில்லை.

வீடியோவை நான் அளவாகத்தான் எடுக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து. செல்போன் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கச்சொல்வது அவர்களை வதைப்பது. கை அசைவைக் காட்ட மட்டும் வீடியோ. எழுதுகிறவரின் தோளுக்கு மேலிருந்து எடுக்க வேண்டும், எதிரே நின்று எடுத்தால் எழுத்து தலைகீழாகத் தெரியும். ‘ஐ’ எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்பதற்கு ஒன்று, வங்கியில் பணம் எடுக்கும் படிவம் நிரப்ப ஒன்று. இரண்டாவதில் தொகையை எழுத்தால் எழுதும் கட்டம் வந்ததும் கட்டாயம் நிறுத்துவேன். அங்கேதான் பக்கத்தில் நிற்பவரிடம் படிவத்தை நீட்டிவிடுகிறார்கள்.

வகுப்புக்கு வரமுடியாத நாட்களுக்காக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறேன். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது, முன்னால் இசையும் கிடையாது. பல வீடுகளில் இருக்கும் ஒரே செல்போன் மகனுடையது. அவன் வேலை முடிந்து வந்தபிறகுதான் அம்மாவின் கைக்கு வரும் என்பதால் ராத்திரி எட்டரைக்கு மேல் அனுப்புவேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். பதிலையும் பேசியே அனுப்பலாம். டைப் செய்யத் தெரியாது என்ற கூச்சம் அங்கே வராது. செய்தி வாசிப்பவர் போன்ற குரலைவிடப் பக்கத்து ஊர்ப் பெண் பேசியதற்கே நிறையப் பதில் வருகிறது.

அப்படிச் சேர்ந்த பதிவுகள் அடுத்து வருகிறவர்களுக்குப் பாடமாகின்றன. ஆனால் அவற்றில் கடன் இருக்கும், வீட்டுச் சண்டை இருக்கும். பேசியவருக்கே முழுதும் போட்டுக்காட்டி, எந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் வேறொருவருக்குப் போடுகிறேன்.